ஹிட் பாட்டுக்குப் பக்கத்தில் எதை வைப்பது?

வெளி, போர்ட் கொச்சி

அன்புள்ள யாழினி,

உங்கள் பேண்டின் பாட்டு கோயம்புத்தூரைத் தாண்டி இங்கே டோபிகானா வரைக்கும் வந்துவிட்டது. இஸ்திரி போடும் பையன் ஒருவன் அதைப் போனில் ஓடவிட்டுக்கொண்டே வேலை பார்க்கிறான். பாடுவது யாருடைய மருமகள் என்பது அவனுக்குத் தெரியாது, மாமாவும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் நீ கேட்டிருப்பது வேறு. கம்பெனி எட்டுப் பாட்டுள்ள ஆல்பம் கேட்கிறது. மீதி ஏழையும் ஹிட்டின் தாளத்திலேயே, அதே வேகத்திலேயே போட்டுவிடலாம் என்கிறான் உங்கள் கிடார்க்காரன். ஹிட்டை ஆல்பத்தில் சேர்க்கவே கூடாது என்று அடம்பிடிக்கிறாள் டிரம்ஸ் வாசிக்கிறவள். இரண்டு பேருக்குமே முன்னோடிகள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் கிடார்க்காரன் கட்சி. பில் ஹேலியும் அவருடைய காமெட்ஸ் குழுவும் 1954 ஏப்ரல் 12 அன்று நியூயார்க்கில் 'ராக் அரவுண்ட் தி க்ளாக்' பாட்டைப் பதிவு செய்தார்கள். அது இசைத்தட்டின் பின்பக்கத்துப் பாட்டாகத்தான் வந்தது. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வருஷம் 'பிளாக்போர்டு ஜங்கிள்' என்ற படத்தில் அதைப் போட்டார்கள். பையன்கள் தியேட்டர் நாற்காலிகளுக்கு நடுவில் எழுந்து ஆடத் தொடங்கினார்கள். பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. டெக்கா கம்பெனி அதற்காக மெனக்கெட்டுப் புதிய பாட்டு எதையும் பதிவு செய்யச் சொல்லவில்லை. முன்பே தனித்தனியாக வந்திருந்த பாட்டுகளை ஒன்றாகக் கட்டி, அட்டையில் ஹிட்டின் பெயரைப் போட்டு, 1955 டிசம்பரில் எல்பியாக இறக்கிவிட்டது. ஒரு பாட்டுக்காகக் காசு கொடுத்தவன் ஒரு டஜனை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். ராக் அண்ட் ரோலின் தொடக்க காலத்தில் ஆல்பம் என்பதே பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான்.

இந்தக் கணக்கை மாற்றியது யார் என்று கேட்டால் பலர் பீட்டில்ஸின் பிற்கால ஆல்பங்களைக் காட்டுவார்கள். மாமா கைகாட்டுவது அவர்களுடைய முதல் ஆல்பத்தை. ஏனென்றால் அதுவும் உங்களுடையதைப் போல ஒரு ஹிட்டின் முதுகில் ஏறி வந்ததுதான்.

1963 ஜனவரியில் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' சிங்கிளாக வந்து பிரிட்டனில் ஓடு ஓடென்று ஓடியது. சூடு ஆறுவதற்குள் எல்பி வேண்டும் என்றது கம்பெனி. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடம் ஏற்கெனவே இரண்டு சிங்கிள்களின் நான்கு பாட்டுகள் இருந்தன. இன்னும் பத்து தேவை. லிவர்பூலின் கேவர்ன் கிளப்புக்கே போய், கூட்டத்துக்கு நடுவில் வைத்துப் பதிவு செய்துவிடலாமா என்றுகூட அவர் யோசித்தார். அது சரிப்படாது என்று தெரிந்ததும், கிளப்பில் வாசிப்பதை அப்படியே ஸ்டூடியோவில் வாசியுங்கள் என்றார். பிப்ரவரி 11, லண்டன் அபி ரோட்டில் இ.எம்.ஐ. ஸ்டூடியோ. காலை பத்து மணிக்குத் தொடங்கி இரவு பத்தே முக்கால் வாக்கில் பத்துப் பாட்டும் முடிந்தன. ஜான் லெனனுக்கு அன்று ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கும் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டை அதனால்தான் கடைசிக்கு வைத்திருந்தார்கள். ஆல்பத்தில் இருப்பது முதல் தடவை பாடியது. இன்னொரு தடவை முயன்றார்கள், குரல் வரவில்லை.

ஒரே நாளில் முடித்தார்களே என்று வாயைப் பிளக்க வேண்டாம். அந்தப் பாட்டுகள் ஹாம்பர்க் இரவு விடுதிகளிலும் கேவர்னிலும் அடிபட்டுப் பழுத்தவை. எந்த இடத்தில் கூட்டம் கத்தும், எந்த இடத்தில் பியர் வாங்க எழுந்து போகும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. பதினான்கில் ஆறு பாட்டு மற்றவர்களுடையது. அதைப் பற்றி அவர்களுக்குக் கூச்சமே இல்லை.

நீ கவனிக்க வேண்டியது வரிசையை. ஆல்பத்தின் பெயரே ஹிட்டின் பெயர்தான்; அட்டையில் 'லவ் மீ டூ'வும் வேறு 12 பாட்டுகளும் என்று விளம்பரம் வேறு. ஆனால் ஊசியை வைத்ததும் கேட்பது ஹிட் இல்லை. பால் மெக்கார்ட்னி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தொடங்கும் வேறொரு பாட்டு, 'ஐ சா ஹர் ஸ்டாண்டிங் தேர்'. அந்த எண்ணிக்கையும் தற்செயலாக உள்ளே வந்ததல்ல. ஒன்பதாவது தடவை வாசித்ததிலிருந்து அதை மட்டும் வெட்டி, முதல் தடவைப் பதிவின் தலையில் ஒட்டினார் மார்ட்டின். கூட்டத்துக்கு முன்னால் நிற்கிறோம் என்ற நினைப்பைக் கேட்பவனுக்குக் கொடுக்க அவ்வளவு போதுமாக இருந்தது. ஹிட் பாட்டு எங்கே இருக்கிறது? முதல் பக்கத்தின் கடைசியில், ஏழாவதாக. வேண்டியவன் ஊசியைத் தூக்கி அங்கே வைத்துக்கொள்ளலாம். அதற்குச் சோம்பல்படுகிறவன் முன்னால் இருக்கும் ஆறு பாட்டையும் கேட்டாக வேண்டும். ஆல்பம் பிரிட்டனில் 30 வாரம் முதலிடத்தில் இருந்தது.

இதில் தொழில் நுணுக்கம் ஒன்றும் உண்டு. எல்பி தட்டில் ஊசி உள்பக்கம் போகப் போகச் சுற்று சிறுத்துவிடும். கீச்சென்ற உயர் ஒலிகள் அங்கே தெளிவு குறைந்து கரகரக்கும். அதனால் சத்தமான பாட்டை விளிம்பிலும் மெதுவான பாட்டை நடுவிலும் வைப்பது தட்டு வெட்டுகிறவர்களின் வழக்கம். 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' இரண்டாம் பக்கத்தின் கடைசியில், தட்டுக்கு ஆகாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு எந்தப் பாட்டை வைத்தாலும் எடுபடாது என்று நினைத்திருப்பார்கள். சரியான முடிவுதான்.

இனி டிரம்ஸ்காரி கட்சி. பிரிட்டனில் ஒரு பழக்கம் வளர்ந்தது: சிங்கிளாக வாங்கிய பாட்டை எல்பியிலும் தலையில் கட்டினால் ரசிகனை ஏமாற்றுவதாகும். 1967இல் புரோகல் ஹாரம் குழுவின் 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' உலகம் முழுக்க ஓடியது. அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பிரிட்டிஷ் பதிப்பில் அந்தப் பாட்டு இல்லை. அமெரிக்கப் பதிப்பில் இருந்தது. கொள்கையாகப் பார்த்தால் பிரிட்டன்காரன் செய்தது கண்ணியம். ஆனால் உங்கள் நிலைமைக்கு அது வேண்டாம். இப்போது யாரும் உங்கள் பாட்டைக் காசு கொடுத்து இரண்டு முறை வாங்கப்போவதில்லை. ஹிட்டைத் தேடி வருகிறவர்கள் பக்கத்துப் பாட்டைத் தட்டுவதற்கு ஒரு வழி இருக்கட்டும்.

இனி உள்ளூருக்கு வருவோம். கொச்சியில் ராக் பேண்டு என்றால் பெரியவர்கள் முதலில் சொல்லும் பெயர் 13 ஏ.டி. 1977இல் தொடங்கிய குழு. எர்ணாகுளம் சண்முகம் ரோட்டில் இருக்கிற சீலார்டு ஓட்டலில் வாசித்துப் பெயர் வாங்கினார்கள். ஜார்ஜ் பீட்டரின் குரலும் எலாய் ஐசக்ஸின் கிடாரும் கேட்கவே கல்லூரிப் பையன்கள் படகு பிடித்து அந்தக் கரைக்குப் போனார்கள். ஓட்டல் பேண்டு என்றால் நேயர் விருப்பம்தான்: மேற்கத்திய ராக் பாட்டுகளை அச்சு அசலாக வாசிக்க வேண்டும். அதே குழு 1990இல் 'கிரவுண்ட் ஜீரோ' என்ற சொந்த ஆல்பத்தைக் கொண்டுவந்தது. அதன் தலைப்புப் பாட்டுத்தான் இன்றைக்கும் இங்கே பழைய ரசிகர்கள் வாயில் வருவது. பிறகு 'டஃப் ஆன் தி ஸ்ட்ரீட்ஸ்' வந்தது. வருஷக்கணக்கில் அடுத்தவன் பாட்டை வாசித்த கை சொந்தப் பாட்டில் தடுமாறவில்லை. மாறாக, எட்டு நிமிஷம் இழுக்காமல் ஒரு பாட்டை எங்கே முடிப்பது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஒன்று: பாடியது ஆங்கிலத்தில். மேடைக்குக் கீழே இருந்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசியது மலையாளம்.

அந்த இடைவெளியில் வந்து நின்றவர்கள் அவியல் குழு. உனக்குச் சொல்வதற்கு மாமாவிடம் இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது.

திருவனந்தபுரத்தில் 2003 வாக்கில் சேர்ந்தவர்கள். கிடார் ரெக்ஸ் விஜயன். 'நட நட' என்ற பாட்டு, நாட்டுப்பாட்டின் நடையில் மலையாள வரிகள், அடியில் கனத்த கிடார். சென்னையிலிருந்து ஒளிபரப்பான எஸ்.எஸ். மியூசிக் சேனலில் அந்த வீடியோ வந்தபோது, சினிமாப் பாட்டுக்கும் ஆங்கில ராக்குக்கும் நடுவில் இப்படி ஒன்று இருக்க முடியுமா என்று தமிழ்நாட்டுப் பையன்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். பாட்டு ஹிட். வேறு யாராக இருந்தாலும் மூன்றே மாதத்தில் 'வா வா', 'போ போ' என்று நாலு பாட்டு இறக்கியிருப்பார்கள். அவர்களுடைய முதல் ஆல்பம் ஃபேட் ஃபிஷ் நிறுவனத்தில் வெளிவந்தது 2008இல்!

நடுவில் சும்மா இருக்கவில்லை. 'நட நட' பாட்டுக்கு முதலில் குரல் கொடுத்த ஆனந்தராஜ் பெஞ்சமின் பால் விலகிப் போனார். ஆல்பம் வரும்போது பாடகர் டோனி ஜான். பேஸ் கிடாரில் நரேஷ் காமத், டிரம்ஸில் மிதுன் புத்தன்வீட்டில். ஹிட்டைப் பாடியவரே போய்விட்டால் பேண்டு கலைந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கலையவில்லை. ஹிட் எதனால் ஹிட் ஆனது என்பதை அவர்கள் சரியாகப் பிடித்திருந்தார்கள். ஒரு ஆளின் குரலாலோ துள்ளல் தாளத்தாலோ அல்ல, வயல்வரப்பில் புழங்கும் பேச்சை கிடார் சத்தத்துக்கு நடுவில் கூச்சமில்லாமல் வைத்த துணிச்சலால். அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றினார்கள்.

ஆல்பத்தில் உங்களைப் போலவே எட்டுப் பாட்டு. 'செக்கேலே' ஒரு ஜாதி. 'ஞான் ஆரா' வேறு ஜாதி. வேகம் இல்லை, உள்ளே திரும்பிப் பார்க்கிற பாட்டு. 'ஆடு பாம்பே' ஸ்ரீ நாராயண குருவின் குண்டலினிப் பாட்டை எடுத்துக்கொண்டது. நம் பாம்பாட்டிச் சித்தரைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பாம்பு அந்நியமல்ல. நூறு வருஷத்துக்கு முந்தைய ஞானப்பாட்டும், 'நட நட'வும் ஒரே ஆல்பத்தில் முட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கின்றன. இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எட்டையும் வரிசையாக ஒரு தடவை கேள். ஹிட் வரும்போது அது ஹிட்டாகத் தெரியாது. எட்டில் ஒன்றாகத் தெரியும். மாமா இந்த ஆல்பத்தைக் கொண்டாடுவது அதற்காகத்தான். (சில பாட்டுகளில் எலெக்ட்ரானிக் ஒலி கொஞ்சம் தூக்கல் என்று உன் அப்பா சொல்வார். அவருக்கு இளையராஜாவுக்குப் பிறகு எல்லாமே தூக்கல்.)

அடுத்தது உனக்குத் தெரிந்த ஆளே: '96' படத்துக்கு இசையமைத்த கோவிந்த் வசந்தா. அவர் அதற்கு முன் கோவிந்த் மேனன் என்ற பெயரில் வயலின் வாசித்த குழுதான் தைக்கூடம் பிரிட்ஜ். கொச்சியில் வைற்றிலா பக்கம் தைக்கூடம் என்ற இடத்தின் பெயர் அது. 2013இல் கப்பா டிவியின் மியூசிக் மோஜோ நிகழ்ச்சியில் பழைய சினிமாப் பாட்டுகளைக் கோத்துப் பாடித்தான் அவர்கள் ஊரெல்லாம் தெரிந்தார்கள். பிறகு 'ஃபிஷ் ராக்'. மீன் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகிற வேடிக்கைப் பாட்டு; இங்கே சீனவலைப் பக்கத்து மீன்கடையில் நிற்கிறவனும் சேர்ந்து பாடுவான். அந்த வேடிக்கையைப் பிடித்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். 2015இல் வந்த முதல் ஆல்பத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'நவரசம்'. அந்தத் தலைப்புப் பாட்டில் சிரிப்பே கிடையாது. கதகளியும் கனத்த கிடாரும் கலந்தது. 2022இல் 'காந்தாரா' படத்தின் 'வராஹ ரூபம்' இதைப் போலவே இருக்கிறது என்று குழு புகார் சொல்லி, படத்தரப்பு மறுத்து, விவகாரம் நீதிமன்றம் ஏறியது. நியாயம் யார் பக்கம் என்பது இங்கே பேச்சில்லை. ஏழு வருஷம் கழித்து நாடு முழுக்கப் பேசியது மீன் பாட்டைப் பற்றி அல்ல. சினிமா ஆல்பத்திலும் இதே கதையைப் பார்த்திருக்கிறோம்: 2011 நவம்பரில் '3' படத்தின் 'கொலவெறி' பாட்டு உலகத்தைச் சுற்றி வந்தது, ஆனால் அந்தப் படத்திலிருந்து இன்றைக்கும் கல்லூரி விழாவில் பாடுகிறவர்கள் எடுப்பது 'போ நீ போ'.

தலைகீழாக நடந்ததும் உண்டு. 2012 டிசம்பர் 12 அன்று முதல் கொச்சி முசிரிஸ் பியனாலேயின் தொடக்க விழாவில், போர்ட் கொச்சி பரேடு மைதானத்தில் வந்து பாடியவர் எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம், லண்டனில் பிறந்த ஈழத் தமிழ்ப் பெண். அவருடைய 'கலா' ஆல்பம் 2007 ஆகஸ்டில் வந்தது. தாயின் பெயரைத்தான் வைத்தார். அதற்காகச் சென்னைக்கு வந்து உருமி மேளக்காரர்களை வைத்துப் பதிவு செய்திருக்கிறார். அந்த ஆல்பத்தில் 'பேப்பர் பிளேன்ஸ்' என்று ஒரு பாட்டு, தி க்ளாஷ் என்ற ராக் குழுவின் பழைய பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கட்டியது. ஆல்பம் வந்தபோது அது பத்தோடு பதினொன்று. அடுத்த வருஷம் 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' படத்தின் டிரெய்லரில் வந்தது. அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரைக்கும் ஏறியது. ஹிட்டைத் தேடி வந்த கூட்டத்துக்கு உருமி மேளத்தோடு ஒரு முழு ஆல்பம் தயாராகக் காத்திருந்தது. மைதானத்தில் அன்று இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஒரு பாட்டுத்தான் தெரியும், மீதிக்கும் ஆடினார்கள்.

சரி, உங்கள் எட்டு. நீ அனுப்பிய பட்டியலில் மூன்றாவதும் ஆறாவதும் ஹிட்டின் தம்பிகள். தாளம் அதே, பல்லவி முடிந்ததும் கிடார் தனியாக வருகிற இடமும் அதே. அவற்றில் ஒன்றை எடுத்துவிடு. இரண்டையும் எடுத்தால் இன்னும் நல்லது. உன் பாட்டி தாலாட்டின் மெட்டில் நீ போட்டதாக எழுதியிருக்கிறாயே, அதைக் கம்பெனிக்காரர் வேண்டாம் என்றாலும் விடாதே. உங்கள் ஹிட்டில் மாமாவுக்குப் பிடித்தது பாய்ச்சல் அல்ல. நடுவில் எல்லா வாத்தியமும் நின்று நீ கொங்குப் பேச்சில் யாரையோ திட்டுகிற அந்த நாலு வரி. அதுதான் உங்கள் சொத்து. அது வேறு தாளத்தில், வேறு மனநிலையில் எப்படிக் கேட்கும் என்று மற்ற பாட்டுகளில் தேடுங்கள்.

வரிசைக்கு வந்தால், பீட்டில்ஸ் மாதிரி ஹிட்டை ஏழாவதாக வைக்க முடியாது. இப்போது கேட்கிறவன் விரல் தயாராக இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை முப்பது வினாடி கேட்டால்தான் கணக்கில் ஏறும். அதற்குள் தாண்டிவிட்டால் கேட்டதாகவே எண்ணமாட்டார்கள். அதனால் ஹிட்டை இரண்டாவதாக வை. முதல் பாட்டு ஒன்றரை நிமிஷத்துக்குக் குறையாத அறிமுக இசை என்று எழுதியிருந்தாய். அதைப் பாதியாக வெட்டு, அல்லது கடைசிக்குத் தள்ளு. ஹிட் முடிந்ததும் தாலாட்டு வரட்டும். உடனே பெரிய இறக்கமாகத் தெரியும், உங்கள் கிடார்க்காரன் பதறுவான், பதறட்டும்.

ஸ்டூடியோவுக்குள் போவதற்கு முன்னால் புதுப் பாட்டுகளைக் கல்லூரி விழாக்களில், கல்யாண வரவேற்பில், எங்கே மேடை கிடைக்கிறதோ அங்கே வாசித்துப் பாருங்கள். ஹிட்டை வாசிக்காமல் வாசித்துப் பாருங்கள். பந்திக்கு எழுந்து போகிற கூட்டத்தை உட்காரவைத்த பாட்டு எது என்று குறித்துக்கொள். ஸ்டூடியோ வாடகை மணிக்கணக்கில் ஓடும்போது தாளத்தை மாற்றிப் பார்க்கிற ஆடம்பரம் உங்களுக்குக் கட்டாது.

கடைசியாக, ஒப்பந்தம். 'நவரசம்' வழக்கில் குழு மட்டும் இல்லை, மாத்ருபூமி நிறுவனமும் உரிமை கேட்டு வழக்குப் போட்டது; பாட்டைப் போட்டவர் வேறு, உரிமை வைத்திருப்பவர் வேறு என்பது சகஜம். ஹிட்டின் உரிமை யாரிடம், ஆல்பத்தின் மற்ற பாட்டுகளை விளம்பரத்துக்கோ படத்துக்கோ கொடுக்கும்போது யார் கையெழுத்து வேண்டும், பேண்டிலிருந்து ஒருவர் விலகினால் பெயர் யாருக்கு, இந்த மூன்றும் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார். தாலாட்டு மெட்டுக்குப் பாட்டி பெயரையும் போடச் சொல். கையெழுத்துப் போடும் முன் தாளை அம்மாவிடம் கொடு. பேங்கில் அவள் படிக்காத பத்திரமா?

அன்புடன்,
மாமா